சீக்கிரம் இறங்கிய விமானம்

உதவி கேட்டு வந்திருந்த பல் டாக்டர், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எதிரே இருந்த இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். தொழில் புத்தி என்று பம்பரம் நினைத்தான். நினைத்த கையோடு வாயை மூடிக்கொண்டான். கடைவாயில் ஒரு சொத்தை இருப்பது அவனுக்கே தெரியும்.

சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் டீச்சரின் துப்பறியும் அலுவலகம். கீழே துணி துவைக்கும் இயந்திரம் சுழலும்போதெல்லாம் மேலே மேஜை நடுங்கும். டீச்சர் ஒரு காலத்தில் புவியியல் நடத்தியவர். பாடம் நடத்துவதைவிட, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொல்லும் காரணங்களைப் பிரித்து மேய்வதில்தான் தனக்கு ருசி என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையை மாட்டினார். பம்பரம் அவருடைய உதவியாள். விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்பதால் அந்தப் பெயர். வாயும் அப்படித்தான்.

“முந்தாநாள் காலையில நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டேன்” என்றார் டாக்டர். “அவ உள்ள போறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். அவ அம்மா வீட்டுக்குப் போறா. ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். மூணே முக்கால் மணி நேரம்.”

“தூரம், நேரம் எல்லாம் மனப்பாடமா இருக்கே” என்றான் பம்பரம்.

“என் மனைவி எங்க போனாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இறங்கின உடனே தகவல் சொல்லணும். அது எங்க வீட்டு வழக்கம்.”

“சொன்னாங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“சொன்னா. இறங்க வேண்டிய நேரத்துக்குச் சரியா குரல் மெசேஜ் வந்துச்சு. அதோட போன் அணைஞ்சுபோச்சு. அவ அம்மாவைக் கேட்டா, வரவே இல்லைங்கறாங்க. அந்த ஊர்ல யாரையாவது பிடிச்சுத் தேடுங்க.”

அவர் தன் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினார். ஒரு பெண்ணின் குரல் நிதானமாக வந்தது. “இறங்கிட்டேங்க. பயணம் நல்லா இருந்துச்சு. பெட்டிக்காக நின்னுட்டு இருக்கேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடுறேன்.” குரலுக்குப் பின்னால் ஓர் உறுமல் எழுந்து தேய்ந்தது.

டீச்சர் அந்தப் பதிவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். “உங்க மனைவி என்ன வேலை பார்க்கிறாங்க?”

“இப்ப ஒண்ணுமில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஏர்போர்ட்டுக்குப் பின்னால ஒரு நீச்சல் குளத்துல சொல்லிக்குடுத்துட்டு இருந்தா. ஈரத்துணியோட நாலு பேர் முன்னாடி நிக்கிற வேலை. நிறுத்திட்டேன்.”

அவர் படியிறங்கிப் போனதும் பம்பரம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். “அந்த ஊர்ல நமக்கு யாரைத் தெரியும் டீச்சர்? எனக்கு ஒரு மச்சான் இருந்தான். அவனையே நாலு வருஷமா தேடிட்டு இருக்காங்க.”

“முதல்ல அந்த விமானம் முந்தாநாள் எத்தனை மணிக்கு இறங்குச்சுன்னு பாரு.”

“அதான் சொன்னாரே, மூணே முக்கால் மணி நேரம்.”

“அது டிக்கெட் சொல்றது. விமானம் என்ன சொல்லுதுன்னு கேட்டேன்.”

பம்பரம் நடந்தபடியே போனைத் தடவினான். விமானங்களின் போக்குவரத்தைக் காட்டும் தளம் ஒன்றில் அந்த விமானம் கிடைத்தது. நடை நின்றது.

“நாப்பது நிமிஷம் முன்னாடியே இறங்கியிருக்கு.” அவன் தலையைச் சொறிந்தான். “அட, ஆமா. மேற்கேயிருந்து கிழக்க போறது. இந்த மாசத்துல பின்னாடியிருந்து காத்து தள்ளும். என் வண்டியில வர்றவங்க சொல்லுவாங்க, கண்ணை மூடுறதுக்குள்ள எழுப்பி விட்டுட்டாங்கன்னு. அதே தூரம் திரும்பி வர்றவங்க, முதுகு செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க.”

“அப்போ இந்தப் பொண்ணு பேசினப்ப அங்க என்ன நடந்திருக்கும்?”

“பெட்டியெல்லாம் வந்து, எல்லாரும் எடுத்துட்டுப் போய், பெல்ட்டும் நின்னுபோயிருக்கும். இவங்க மட்டும் தனியா நின்னு யாரு பெட்டிக்குக் காவல் காத்தாங்க?”

“டிக்கெட்டைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்காங்க” என்றார் டீச்சர். “உண்மையா போயிருந்தா நேரம் முன்னப்பின்ன இருந்திருக்கும். இது கச்சிதமா இருக்கு. என் வகுப்புல எல்லாக் கணக்கும் சரியா போட்டுட்டு வர்ற பையனைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.”

“ஆனா விமானச் சத்தம் கேட்குதே டீச்சர்.”

டீச்சர் பதிவை மறுபடி ஓடவிட்டார். உறுமல் எழுந்து தேய்ந்தது. “நீ அங்கயே கிடந்தவன். பெட்டி எடுக்குற கூடத்துக்குள்ள நின்னு என்னைக்காவது விமானச் சத்தம் கேட்டிருக்கியா?”

பம்பரம் யோசித்தான். குழந்தை அழுகை, தள்ளுவண்டிச் சக்கரம், யாரையோ தேடும் அறிவிப்பு. அவ்வளவுதான். “இல்ல. உள்ள எல்லாம் கண்ணாடி போட்டு அடைச்சிருக்கும். வெளியில இருக்கிறவனுக்குத்தான் காது கிழியும்.” சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மலர்ந்தது. “ஏர்போர்ட்டுக்குப் பின்னால இருக்கிற நீச்சல் குளம். விமானம் தலைக்கு மேலதான் எழும்பும். டீச்சர், அந்தம்மா ஊரை விட்டே போகல.”

“வண்டியை எடு” என்றபடி டீச்சர் ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

பம்பரம் இரண்டிரண்டு படியாகத் தாண்டினான். வண்டியைத் திருப்பி நிறுத்தினான். டீச்சர் இறங்கி வர இன்னும் நேரமிருந்தது. வயிற்றில் இருக்கும் செய்தி அவனுக்கு எப்போதும் செரிக்காது. போனை எடுத்தான்.

வண்டி பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் அதைச் சொன்னான். “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை போட்டுட்டேன் டீச்சர். பாவம், மனுஷன் தவிச்சுட்டு இருப்பாரு. உங்க வீட்டம்மா விமானத்துலயே ஏறல, இந்த ஊர்லதான் இருக்காங்கன்னேன்.”

 டீச்சர் மெதுவாகக் கேட்டார். “அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

“கேட்டாரு, ‘யாரோட?’ன்னு.”

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பம்பரம் தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுக்கொண்டான். இரண்டு நாளாகக் காணாமல் போன மனைவி. வீட்டிலிருந்து கிளம்பிய பெண் விமானத்தில் ஏறவில்லை என்று தெரிகிறது. அடிபட்டுக் கிடக்கிறாளா, உயிரோடு இருக்கிறாளா என்றல்லவா முதலில் வாயில் வரவேண்டும்.

“நல்லா இருக்காளான்னு கேட்கல” என்றான்.

“கேட்கல.”

“டீச்சர், நாம தொலைஞ்சு போனவங்களைத் தேடல. தப்பிச்சுப் போனவங்களைத் தேடுறோம்.”

“தேடினதோட நிறுத்தியிருக்கலாம். தவளை எங்க இருக்குன்னு பாம்புக்குத் தெரியாம இருந்துச்சு. நாமதான் வழி காட்டிட்டோம்.”

“நீச்சல் குளம்னு நான் சொல்லல.”

“அவர்தான் நமக்கே சொன்னாரு. யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

விளக்கு பச்சையானதும் பம்பரம் மிதித்த மிதியில் டீச்சரின் கைப்பை காலடியில் விழுந்தது. அதன் பிறகு அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. 

நீச்சல் குளம் ஒரு தகரக் கூரைக் கட்டடத்துக்குள் இருந்தது. உள்ளே போனதும் குளோரின் நெடி மூக்கில் ஏறியது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க, பரந்த தோள்களோடு ஒரு பெண்மணி வழியை மறித்து நின்றாள். குளத்துக்குச் சொந்தக்காரி.

“இங்க அப்படி யாரும் இல்லை” என்றாள், அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

“அப்படின்னா எப்படி?” என்றார் டீச்சர். “நாங்க யாரைத் தேடுறோம்னு இன்னும் சொல்லவே இல்லையே.”

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் எழும்பியது. தகரக் கூரை அதிர்ந்தது. பேச்சு நின்றது. சத்தம் தேய்ந்தபோது, உடைமாற்றும் அறை வாசலில் மெலிந்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

“விடுங்கக்கா” என்றாள் சொந்தக்காரியிடம். பிறகு டீச்சரைப் பார்த்தாள். “அவர் அனுப்பினாரா?”

“அனுப்பினது அவர்தான். வந்திருக்கிறது நாங்க. எங்ககிட்ட ஒரு தப்பும் நடந்துபோச்சும்மா. நீங்க விமானத்துல ஏறலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பம்பரம் தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தான். அந்தப் பெண் தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

“அவர் அந்த ஊருக்குப் போயிருக்கணும்” என்றாள். “அதுக்குத்தான் எல்லாமே. உள்ள போற கதவுல நுழைஞ்சு, கீழே இறங்கி, வர்றவங்க கதவு வழியா வெளியில வந்தேன். நான் அங்க தொலைஞ்சுட்டேன்னா அவர் தேடிக் கிளம்புவாருன்னு நினைச்சேன். போக மூணே முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் அவர் போன் வேலை செய்யாது. எனக்கு அந்த நேரம் வேணும். அம்மாவுக்கும் தெரியும்.”

“எதுக்கு அந்த நேரம்?”

பதிலுக்கு அவள் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பற்கள் இல்லை.

“முதல் பல்லு சொத்தைன்னு சொன்னாரு. பக்கத்து வீட்டுக்காரரோட சிரிச்சுப் பேசின மறுநாள். ரெண்டாவது, என் தோழி கல்யாணத்துக்குச் சொல்லாம போயிட்டு வந்த மறுநாள். மரத்துப்போக ஊசி போடல. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க இருந்தவர் சிரிச்சுட்டார். பல் டாக்டர் பல்லைப் பிடுங்காம வேற என்னத்தைப் பிடுங்குவாருன்னு கேட்டார். அந்த ரெண்டு பல்லையும் கிளினிக்ல, மேஜை டிராயர்ல ஒரு சீசாவுல வச்சிருக்கார். எனக்கு அடிக்கடி எடுத்துக் காட்டுவார். அதுல ஒரு கீறல்கூட இல்லைங்க. நல்ல பல்லு. அவர் ஊர்ல இல்லாதப்ப அந்தச் சீசாவை எடுத்துட்டா யார்கிட்டயும் காட்டலாம்.”

பம்பரத்தின் மனசுக்குள் டாக்டர் அந்த நிமிஷமே ‘அவர்’ என்பதிலிருந்து ‘அவன்’ ஆனான்.

டீச்சர் அவள் தோளைத் தொட்டார். “நல்ல திட்டம்மா. காத்தை மட்டும் கணக்குல சேர்க்க விட்டுட்டீங்க. அன்னைக்கு விமானம் நாப்பது நிமிஷம் முன்னாடியே இறங்கிடுச்சு.”

“அப்போ எல்லாம் வீணாப் போச்சா?”

டீச்சர் குளத்தின் ஓரமாக நடந்து போய்த் திரும்பி வந்தார். பம்பரம் தன்னுடைய நடையை அவரிடம் அன்றுதான் பார்த்தான். “அந்த நாப்பது நிமிஷத்தை வச்சே அவனை அனுப்பலாம்” என்று டீச்சர் போனை எடுத்தார்.

“டாக்டர், டீச்சர் பேசுறேன். என் ஆளு அவசரப்பட்டு உளறிட்டான். மன்னிக்கணும். உங்க மனைவி விமானத்துல போயிருக்காங்க. விமானம் நாப்பது நிமிஷம் முன்னாடியே இறங்கியிருக்கு. ஆனா உங்களுக்கு மெசேஜ் எப்போ வந்துச்சு? டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு. நடுவுல நாப்பது நிமிஷம், டாக்டர். அந்த நேரம் எங்க இருந்தாங்க, யாரோட இருந்தாங்கன்னு நான் இங்கயிருந்து எப்படிச் சொல்ல முடியும்?”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. டீச்சர் அவசரப்படவில்லை. தூண்டிலைப் போட்டவர் தண்ணீரைக் கலக்கக் கூடாது.

“அடுத்த விமானம் எப்போ?” என்றது குரல்.

“இன்னும் ரெண்டு மணி நேரத்துல. என் ஆளையே வண்டியோட அனுப்புறேன். செஞ்ச தப்புக்கு அவனே வந்து ஏத்தி விடட்டும்.” டீச்சர் போனை வைத்துவிட்டுப் பம்பரத்தைப் பார்த்தார். “வாயைத் திறந்து கெடுத்தது நீ. மூடிக்கிட்டுப் போய்ச் சரி பண்ணு.”

கிளினிக் வாசலில் டாக்டர் சின்னப் பெட்டியோடு தயாராக நின்றான். பின்சீட்டில் ஏறி, கண்ணாடி வழியாகப் பம்பரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“எதை வச்சு அவ ஏறலைன்னு சொன்னே?”

“முட்டாள்தனம் சார். நேரம் ஒத்து வரல. எனக்குக் கணக்கு வராது, அதான் டாக்ஸி ஓட்டினேன்.”

“உங்க டீச்சருக்குக் கணக்கு வருமா?”

“அவங்களுக்குப் பூகோளம்தான் சார்.”

டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் குனிந்தான். “ஏர்போர்ட்டுக்குப் பின்னால அந்த நீச்சல் குளம் இருக்கே. வழியிலதான். ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்.”

பம்பரத்தின் காதுக்குள் தகரக் கூரை அதிர்ந்தது. வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். நேரமாகிவிடும் என்றால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். பல்லைக் கடித்துக்கொண்டு இடதுபக்க விளக்கைப் போட்டான்.

“தாராளமா போலாம் சார். இதோ இந்தத் திருப்பம்தான். இன்னைக்கு விமானம் போனா என்ன, நாளைக்குப் போலாம். ரெண்டு நாள் ஆயிடுச்சு, இன்னும் ஒரு நாள். அந்த ஊர்ல அவங்க யாரோட இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்.”

திருப்பம் நெருங்கிக்கொண்டிருந்தது. விளக்கு டிக்டிக்கென்று அடித்தது. பம்பரம் வேகத்தைக் குறைத்தான். வண்டி முனையைத் தொட்டுவிட்டது.

“நேரா போ” என்றான் டாக்டர்.

அவன் விமான நிலையக் கதவுக்குள் நுழைவதைப் பார்த்ததோடு பம்பரம் திரும்பிவிடவில்லை. மனைவிக்குத் தெரிந்த வழி கணவனுக்கும் தெரியாமலா இருக்கும்? கீழ்த்தளத்துக்கு ஓடி, வருபவர்கள் வெளியேறும் கதவுக்கு எதிரே ஒரு தூணில் சாய்ந்தும் சாயாமலும் நின்றான். பெட்டியோடு வந்த ஒவ்வொரு ஆளும் டாக்டரைப் போலவே தெரிந்தான். ஒருவர் வழுக்கை, ஒருவர் தாடி, இருந்தும் இரண்டாம் முறை உற்றுப் பார்த்தான். கடைசியில், விமானம் கிளம்பிவிட்டது என்று போன் திரை காட்டியது. டாக்டரின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தான். அணைக்கப்பட்டிருந்தது.

“ஏறிட்டான் டீச்சர். மூணே முக்கால் மணி நேரம்.”

“காத்து தள்ளுது. மூணு மணி நேரம்னு வச்சுக்க. கிளினிக்குக்கு வேகமா வா.”

டீச்சரிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது இன்ஸ்பெக்டர். வேறு ஸ்டேஷன்காரி. டீச்சர் கூப்பிட்டதும் சீருடையோடு கிளினிக் வாசலில் வந்து நின்றாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் நின்ற டாக்டரின் மனைவியைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். சாவிக்கொத்தையும் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

மேஜையின் கீழ் டிராயரில் பஞ்சுக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சீசா இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். வெள்ளை வெளேரென்று, வேரோடு பற்கள். சொத்தை என்பதற்கு ஒரு புள்ளி கூட இல்லை. இன்ஸ்பெக்டர் சீசாவை மெல்ல உருட்டினாள். புருவம் சுருங்கியது.

“உங்களுக்குப் பிடுங்கினது எத்தனைன்னு சொன்னீங்க?”

“ரெண்டு.”

“இதுல மூணு இருக்கு.”

 மனைவி அருகில் வந்து பார்த்தாள். தலையை அசைத்தாள். “அது என்னோடது இல்லை.”

பம்பரம் அறையைச் சுற்றிப் பார்த்தான். எதைத் தேடுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கதவருகே சுவரோடு சுவராக நின்றிருந்த வரவேற்புப் பெண்தான் பேசினாள். 

“அது என்னோடதுங்க. வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொன்னேன். போறதுக்கு முன்னாடி இலவசமா பல்லைப் பார்த்து விடுறேன்னு உட்கார வச்சார். அதுக்கப்புறம் நான் நிக்கவே இல்லை. வந்துட்டேதான் இருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் சீசாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றாள். “இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியாம்மா?”

அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஒருத்தி சொன்னால் குடும்பத் தகராறு. இரண்டு பேர் சொன்னால் அது வேறு கதை. இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்று அந்த ஊர்க் காவல்துறைக்குப் பேசினாள். விமானம் எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது. டிக்கெட்டில் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தவளைப் பம்பரம் குறுக்கே விழுந்து தடுத்தான்.

“அதை நம்பாதீங்க மேடம். இப்பவே போய்க் கதவுல நிக்கச் சொல்லுங்க.”

பிறகு காத்திருப்பதுதான் வேலை. பம்பரத்துக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது. வராந்தாவின் நீளத்தை எத்தனை தடவை அளந்தானோ. ஒவ்வொரு தடவையும் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். வரவேற்புப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை அடித்தாள். மறுபடி எழுதினாள்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தபோது டிக்கெட்டின்படி விமானம் இன்னும் வானத்தில் இருக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டாள், “சரி சார், சரி” என்றாள், போனைப் பைக்குள் வைத்தாள்.

“முன்னாடியே இறங்கிடுச்சாம். அவங்களும் முன்னாடியே போய் நின்னுட்டாங்க. விமானத்தை விட்டுக் காலை வெளியில வச்சதும் பிடிச்சுட்டாங்க. முதல்ல கேட்டது என்ன தெரியுமா? ‘அவ யாரோட இருக்கா?’”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பம்பரம், நாளைக்கு ஒரு நல்ல பல் டாக்டரைப் பார்த்து உன் கடைவாய்ப் பல்லைக் காட்டு.”

“கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர். இப்ப அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு வண்டி ஓட்டணும் போல இருக்கு.”

உள்ளே, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாளாக ஒருத்தி வரும்போது மற்றவள் எழுந்து நின்று வணக்கம் சொல்லியதைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை.

“உனக்கு இன்னும் வலிக்குதா?” என்று மனைவி கேட்டாள்.

“வலியில்லைக்கா. தண்ணி ஜில்லுன்னு குடிச்சா மட்டும் கூசும்.”

“எனக்கும்” என்றாள் மனைவி. எழுந்து போய், இருவருக்கும் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.